ஜிஐஎஃப்பைத் துறந்த ஜிடி

1994இல் இணையப் பக்கத்தில் எழுத்துக்கு நடுவே படம் வைப்பதென்றால் பெரும்பாலும் ஜிஐஎஃப் கோப்புதான். அதையும் யாராவது முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க வேண்டும். கேட்ட நொடியில், கையிலுள்ள எண்களைக் கொண்டு கணினியே படம் வரைந்து தருவதற்காக தாமஸ் பூட்டெல் சி மொழியில் எழுதிய லைப்ரரிதான் ஜிடி. அது வெளியிட்டதும் ஜிஐஎஃப்தான்.

இத்தனை புள்ளி அகலம், இத்தனை உயரம் என்று முதலில் ஒரு வெற்றுத் தளம் கேட்போம். முதலில் ஒதுக்கும் நிறம் பின்னணியாகும். பிறகு இடது மேல் மூலையிலிருந்து எண்ணி, இங்கிருந்து அங்கே கோடு, இந்த இடத்தில் வில், அதன் கீழே எழுத்து என்று வரி வரியாக ஏவினால், கடைசியில் படம் கோப்பாக வெளியே வரும். திரையோ மவுஸோ தேவையில்லை. யாரும் எட்டிப்பார்க்காத சர்வரிலும் அது வரையும். இந்த அடக்கம்தான் ஜிடியின் அழகு.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே இடி விழுந்தது. ஜிஐஎஃப் படத்தைச் சுருக்கும் எல்இசட்டபிள்யூ முறையின் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. மென்பொருள் எழுதுவோர் உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. பலரும் கொதித்தார்கள். பூட்டெல் 1995 ஜனவரி 4 அன்று யூஸ்நெட் விவாதக் குழுவில் புதிய பட வடிவம் ஒன்றின் முதல் வரைவை வைத்தார். முன்பின் சந்தித்திராத பலர் சேர்ந்து அதைச் செதுக்கினார்கள். அதுவே பிஎன்ஜி. 1996 அக்டோபரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது. ஒரு லைப்ரரியை எழுதியவர் அதற்கான மாற்று வடிவத்துக்கும் வித்திட்டது அபூர்வம். பூட்டெலின் ஆகப் பெரிய கொடை இதுதான் என்பேன்.

1999இல் ஜிடி ஜிஐஎஃப்பைக் கைவிட்டு பிஎன்ஜிக்கு மாறியது. ஜிஐஎஃப்பை நம்பி எழுதிய நிரல்களுக்கு அது வலிதான். ஆனால் காப்புரிமைச் சிக்கலைப் பயனர்களின் தலையில் கட்டுவதைவிட அது நேர்மையான முடிவு.

அதன்பின் பயணம் வேகமெடுத்தது. 2.0 பதிப்பில், ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தான் என்ற எல்லை உடைந்தது. பிஎச்பி நிரல்மொழியின் 4.3 பதிப்பு ஜிடியைத் தன்னுடனேயே சேர்த்து வழங்கியது. தளங்களின் சிறுபடங்கள், வரைபடங்கள், கேப்ச்சா எழுத்துகள் என்று எங்கும் அதன் கை தெரிந்தது.

காப்புரிமை 2003 ஜூனில் அமெரிக்காவில் காலாவதியானது. மற்ற நாடுகளில் முடிய 2004 ஆனது. அந்த ஜூலையிலேயே, 2.0.28 பதிப்பில், ஜிஐஎஃப் மீண்டும் ஜிடிக்குள் வந்தது. பிஎன்ஜி அதற்கு இடம் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் ஜிடி இரண்டையும் எழுதுகிறது.