தன் குரல் தனக்குக் கேட்க

நான்கு பேர் கொண்ட இசைக்குழுவுக்கு ஒலியமைப்பு செய்வதில் எழுதப்படாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. கூட்டத்தைப் பார்க்கும் ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். பாடகரின் காலடியில் ஒரு மானிட்டர். அதன் முகம் மைக்கின் முதுகைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். காலங்காலமாக இருப்பதுபோலத் தோன்றினாலும் இந்த ஒழுங்குக்கு வயது ஏறத்தாழ அறுபதுதான்.

ஒலிபெருக்கி அதைவிட மூத்தது. 1915 டிசம்பர் 24 அன்று ஜென்சன், பிரிதம் என்ற இருவர் தங்கள் கருவியைச் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் ‘பெருங்குரல்’. அறிவிப்பும் மேடைப்பேச்சும்தான் அதன் முக்கிய வேலை. பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மின்கிட்டார் வந்த பிறகு கதை மாறியது. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸ் முன்னால் 55,000க்கும் மேற்பட்டோர். கிட்டார்களுக்கு 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள். குரல்களோ பேஸ்பால் ஆட்ட அறிவிப்புக்கு வைத்திருந்த ஒலிபெருக்கிகள் வழியாகப் போயின. மானிட்டர் கிடையாது. மற்ற மூவரின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்ததாக ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொன்னார். 1966 ஆகஸ்ட் 29க்குப் பிறகு அவர்கள் கட்டணக் கச்சேரி எதுவும் செய்யவில்லை. காரணங்கள் பல. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காதது அவற்றுள் ஒன்று.

இன்னும் பெரிய ஆம்ப் வைத்தால் போதாதா? போதாது. 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ஸ்பீக்கர் ஒலி மைக்கில் நுழைந்து திரும்பத் திரும்பச் சுற்றினால் ஊளையிடும். ஆகவே சக்தி மட்டுமல்ல, திசையும் முக்கியம். 1966இல் வந்த ஷ்யூர் எஸ்.எம்.58 மைக் முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும். முதுகுப்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தில்தான் மானிட்டருக்கு இடம் கிடைத்தது.

1967இல் இங்கிலாந்தின் விண்ட்சர் விழாவில் சார்லி வாட்கின்ஸ் பல ஆம்ப்களை இணைத்து 1,000 வாட் அமைப்பைக் கொண்டுவந்தார். 1969இல் வுட்ஸ்டாக்கின் ஒலியமைப்பு பில் ஹேன்லியுடையது. எனக்குப் பிடித்தது 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு கட்டிய ‘ஒலிச்சுவர்’. ஸ்பீக்கர்கள் எல்லாம் குழுவுக்குப் பின்னால். ரசிகருக்குக் கேட்பதே கலைஞருக்கும் கேட்கும். ஊளையைத் தடுக்க ஒவ்வொரு பாடகருக்கும் எதிரெதிர்க் கட்டத்தில் இணைத்த இரண்டு மைக்குகள். இரண்டிலும் நுழையும் பொது ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் பாடும் குரல் தப்பிக்கும். அழகான யோசனை. ஆனால் அந்தப் பாரத்தையும் செலவையும் தூக்கிச் சுமக்க முடியாமல் அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டார்கள்.

நம் பக்கமும் இந்த அலை வந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்தார்கள். பிறகு கிட்டார் குழுக்கள் பெருகி ‘பாப் யே யே’ பிறந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பாடகர்களையும் பாட்டுகளையும் நினைவுகூர்கிறோம். அவர்கள் எதன் வழியாகப் பாடினார்கள் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சத்தத்தின் நடுவே மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்று எத்தியேன் லொம்பார்ட் 1911லேயே எழுதிவிட்டார். ஆனாலும் நம் மண்டபங்களில் நேரமோ பணமோ குறைந்தால் முதலில் வெட்டப்படுவது மானிட்டர்தான். “ஆடியன்ஸுக்குக் கேட்டா போதும்ணே” என்பார்கள். தன் குரல் கேட்காத பாடகி கத்துவாள், சுருதி விலகுவாள். முன்வரிசையில் யாராவது “பிள்ளைக்குச் சுருதி சேரல” என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் காலடியில் ஒரு பெட்டி குறைந்தது அவருக்குத் தெரியாது. பல சமயம் அவளுக்கும் தெரியாது.