நாட்பட்ட மன அழுத்தத்தைத் தணிக்க மசாஜ் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சுருக்கமாக

• முறையாகவும் தொடர்ச்சியாகவும் செய்யப்படும் மசாஜ், பதற்றத்தையும் தசை இறுக்கத்தையும் குறைத்து, மனத்திற்கு ஓய்வு தருகிறது.
• மன அழுத்தத்திற்கான காரணத்தை மசாஜ் நீக்குவதில்லை. மருந்துக்கோ மனநல ஆலோசனைக்கோ அது மாற்றாகாது. அவற்றுக்குத் துணையாகவே அதைக் கொள்ள வேண்டும்.
• நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், படுக்கைப் புண்ணின் தொடக்கம் ஆகியவை இருக்கும்போது மசாஜ் செய்வது ஆபத்தை விளைவிக்கும்.

நாட்பட்ட மன அழுத்தம் என்றால் என்ன?

ஆபத்தை உணரும்போது நம் உடல் அதை எதிர்கொள்ளத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. தொடர்ந்து, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் அனுப்பும் சமிக்ஞைகளால் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஆபத்து நீங்கியதும் உடல் சிறிது நேரத்தில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் கடன் சுமை, வேலைப் பளு, குடும்பப் பிணக்கு, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரித்தல் போன்றவை ஓரிரு நாட்களில் முடிவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடல் தயார் நிலையிலேயே இருக்க நேரிடும்போது அது நாட்பட்ட மன அழுத்தமாகிறது. கழுத்து, தோள்பட்டை இறுக்கம், தலைவலி, தூக்கமின்மை, செரிமானக் கோளாறு, எளிதில் எரிச்சலடைதல், மறதி ஆகியவை இதன் பொதுவான அறிகுறிகள். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு அவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது.

மசாஜ் எவ்வாறு உதவுகிறது?

நமது தோலில், மென்மையான தொடுதலை உணர்வதற்கென்றே சில நரம்பிழைகள் உள்ளன. வினாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் மெதுவாக நீவும்போது அவை சிறப்பாகத் தூண்டப்படுகின்றன. அழுகின்ற குழந்தையின் முதுகைத் தாய் வருடும் வேகமும் இதுவே. இத்தகைய தொடுதல் பரிவு நரம்பு மண்டலத்தின் வேகத்தைத் தணித்து, ஓய்வுக்கும் செரிமானத்திற்கும் உரிய எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் செயல்பாட்டிற்கு வழிவிடுகிறது. இதயத் துடிப்பு சீராகிறது, மூச்சு ஆழமாகிறது.

மேலும், இறுகிய தசைகளை மிதமாக அழுத்தி விடுவதால் வலி குறைகிறது; வலி குறைவதால் தூக்கம் மேம்படக்கூடும். வேறு வேலையும் பேச்சுமின்றி ஓரிடத்தில் அமைதியாகப் படுத்திருப்பதும் ஒருவர் அக்கறையுடன் கவனிக்கிறார் என்ற உணர்வும் இந்தப் பலனில் பங்கு பெறுகின்றன.

மசாஜ் உடலிலுள்ள நச்சுகளை வெளியேற்றும் என்று விளம்பரங்களில் கூறப்படுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன.

ஆய்வுகள் கூறுவது என்ன?

37 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2004-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஒரே ஒரு முறை செய்யும் மசாஜ் அந்நேரத்துப் பதற்றத்தையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் குறைப்பதாகவும், பல முறை தொடர்ந்து செய்யும்போது பொதுவான பதற்ற இயல்பும் மனச்சோர்வும் குறைவதாகவும் கண்டது. தொடர்ந்து செய்வதன் முக்கியத்துவம் இதனால் விளங்கும்.

மசாஜ் கார்ட்டிசாலைப் பெருமளவு குறைக்கிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. 2011-இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு, அந்த மாற்றம் மிகச் சிறியது என்று காட்டியது. ஆகவே, மசாஜினால் கிடைக்கும் நிம்மதிக்கு ஹார்மோன் மாற்றம் ஒன்றையே காரணமாகக் கூற இயலாது.

பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 68 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினருக்கு மசாஜும், இன்னொரு குழுவினருக்கு வெப்ப ஒத்தடமும் அளிக்கப்பட்டன. மூன்றாவது குழுவினர் அமைதியான அறையில் ஓய்வெடுத்தனர். 12 வாரங்களின் முடிவில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேற்றம் கண்டனர். அதே கோளாறு உள்ள 47 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்விலோ, வாரம் இருமுறை வீதம் ஆறு வாரங்கள் மசாஜ் பெற்றவர்கள், மேலோட்டமான தொடுதல் மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் அடைந்தனர்.

இவற்றிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது இரண்டு. மசாஜினால் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. அதே வேளையில், மசாஜுக்குப் பணம் செலவிட இயலாதவர்கள், நாள்தோறும் குறித்த நேரத்தில் அமைதியான ஓய்வை உறுதிசெய்துகொண்டால் அதுவும் பலன் தரும்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம்

சித்த மருத்துவம் கூறும் 32 வகைப் புற மருத்துவ முறைகளுள் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். நோயாளியின் வயது, உடல் வலிமை, நோயின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப எந்த வகை, எந்த எண்ணெய் என்பதைச் சித்த மருத்துவர் முடிவு செய்வார்.

அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகள், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவற்றில் இது குறித்து ஆலோசனை பெறலாம். கழுத்து வலி, முதுகு வலி முதன்மையாக இருப்பின் இயன்முறை மருத்துவரை அணுகலாம். தனியார் நிலையங்களுக்குச் செல்வதாயின், செய்பவரின் கல்வித் தகுதியையும் பதிவையும் கேட்டறிவது உங்கள் உரிமை.

எந்த இடமாயினும், உங்களுக்குள்ள நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். எந்தப் பகுதியைத் தொடலாம் என்பதை முடிவு செய்பவர் நீங்களே. வலித்தாலோ, தொடுதல் சங்கடமாக இருந்தாலோ, எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம்?

வாரத்திற்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 60 நிமிடங்கள் என்பது பொதுவான நடைமுறை. வீட்டில் செய்வதாயின் நாள்தோறும் 10 முதல் 15 நிமிடங்கள் போதுமானது.

பலன் இருக்கிறதா என்பதை அறிய ஒரு நோட்டுப் புத்தகம் உதவும். நாள்தோறும் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பதற்றம் 0 முதல் 10 வரை எந்த அளவில் இருந்தது என்று குறித்து வாருங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகும் மாற்றம் இல்லையெனில், மேலும் செலவு செய்வதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

வீட்டில் செய்யும் எளிய முறை

1. நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு அறியுங்கள். உணவு உண்டு குறைந்தது ஒரு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிடுங்கள்.
2. கைகளைக் கழுவி, நகங்களை வெட்டி, மோதிரம், வளையல்களைக் கழற்றி வையுங்கள்.
3. சிறிதளவு நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். நேரடியாக அடுப்பில் காய்ச்ச வேண்டாம். முதலில் உங்கள் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூட்டைச் சோதியுங்கள்.
4. உள்ளங்கையிலும் விரல்களிலும் தொடங்குங்கள். பிறகு தோள்பட்டைகள், மேல் முதுகு, இறுதியாகப் பாதங்கள் என்ற வரிசையில் மெதுவாக நீவுங்கள்.
5. கை, கால்களில் நுனியிலிருந்து இதயத்தை நோக்கி நீவுங்கள். முதுகெலும்பின் மீதும் கழுத்தின் முன்பகுதியிலும் அழுத்த வேண்டாம்.
6. "இந்த அழுத்தம் போதுமா?" என்று அவ்வப்போது கேளுங்கள். பேச இயலாதவராயின், முகச் சுளிப்பையும் கையை விலக்குவதையும் கவனியுங்கள்.
7. முடிந்ததும் பாதங்களிலுள்ள எண்ணெயைத் துடைத்த பிறகே எழுந்து நடக்க விடுங்கள். முதியோர் வழுக்கி விழுவதை இது தடுக்கும்.

தனியாக இருப்பவர்கள், வலது கையால் இடது தோளையும் இடது கையால் வலது தோளையும் பிடித்துவிட்டுக்கொள்ளலாம். நாற்காலியில் அமர்ந்தபடி டென்னிஸ் பந்தைப் பாதத்தின் கீழ் வைத்து உருட்டுவதும் இதமளிக்கும்.

மசாஜ் செய்யக் கூடாத நிலைகள்

• ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருத்தல். அறுவை சிகிச்சைக்குப் பின்னோ, நெடுநாள் படுக்கையிலோ இருப்பவர்களுக்கு ஆழ்நரம்பு எனப்படும் உட்புறச் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கு ஆபத்தை ஏற்படுத்தலாம். காலைத் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• படுக்கையில் இருப்பவரின் இடுப்பு, குதிகால் போன்ற இடங்களில் தோல் சிவந்தோ கறுத்தோ காணப்படுதல். இது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். தேய்த்தால் திசுக்கள் மேலும் சிதையும். அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, செவிலியரிடம் தெரிவியுங்கள்.
• காய்ச்சல், தோல் தொற்று, திறந்த காயம், தீக்காயம், எலும்பு முறிவு.
• புற்றுநோய்க் கட்டி உள்ள இடமும் கதிர்வீச்சு அளிக்கப்படும் இடமும்.

மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே செய்ய வேண்டியவர்கள்: இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள், எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு அல்லது அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள், நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள். பக்கவாதத்தால் செயலிழந்த கையை ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது. தோள் மூட்டு விலகக்கூடும்.

முடிதிருத்தகங்களில் தலையைச் சட்டெனத் திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுக்கும் வழக்கத்தைத் தவிருங்கள். அரிதாக, கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படக்கூடும்.

வாயுப் பிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்

நெஞ்சில் இறுக்கம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்கு இழப்பே. உடனே 108-ஐ அழையுங்கள்.

பராமரிப்பாளரின் கவனத்திற்கு

நோயாளியின் தோளைப் பிடித்துவிடும் உங்கள் தோளும் இறுகியிருக்கலாம். குனிந்து நின்று செய்யாமல், நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள். களைப்பான நாளில் கைகளை மட்டும் ஐந்து நிமிடம் நீவினால் போதும். அல்லது அன்று விட்டுவிடலாம். குடும்பத்தில் வேறொருவரிடம் வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை ஒப்படைத்து, நீங்களும் ஓய்வெடுங்கள். அதைக் கடமை தவறுதலாகக் கருத வேண்டாம். உங்கள் நலம் குன்றினால் நோயாளியின் பராமரிப்பும் குன்றும்.

எப்போது மனநல உதவி பெற வேண்டும்?

தூக்கமின்மை, பசியின்மை, அழுகை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மன அழுத்தத்தைச் சமாளிக்க மதுவை நாடினாலோ, மசாஜை மட்டும் நம்பிக் காலம் தாழ்த்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ ஆலோசனை பெறுங்கள். ஏற்கெனவே உட்கொள்ளும் மனநல மருந்துகளையோ இரத்த அழுத்த மாத்திரைகளையோ, உடல் இலேசாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ நீங்கள் பராமரிப்பவருக்கோ தோன்றினால், அதை மறைக்காமல் உடனே உதவி கேளுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் கட்டணமின்றிச் செயல்படுகிறது, தமிழிலேயே பேசலாம். மருத்துவத் தகவல்களுக்கு 104, அவசர ஊர்திக்கு 108.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக வழங்கப்படுபவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சைக்கு மருத்துவரை நேரில் அணுகவும்.