மயக்க வாயுக்களும் நாயின் கல்லீரல் இரத்த ஓட்டமும்

கல்லீரலுக்கு இரத்தம் இரு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் சேர்கிறது. தமனியின் பங்கு சிறிதானாலும் ஆக்சிஜனில் சுமார் பாதி அதனுடையதே. சிரையில் ஓட்டம் குறைந்தால் தமனி விரிந்து ஓரளவு ஈடுகட்டும். இந்த ஈடுகட்டலை எந்த வாயு கெடுக்கும், எது கெடுக்காது என்பதை மருத்துவம் மெதுவாகவே கண்டறிந்தது.

ஈதர் என்ற மயக்க வாயு பொது அரங்கில் செயல்விளக்கம் பெற்றது 1846இல்.

அதற்குப் பின் வந்த குளோரோபார்ம் என்ற மயக்க மருந்தால் நேர்ந்த மரணங்களுக்குக் காரணம் தேடி, 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில் இரு ஆணையங்கள் நாய்களை வைத்துச் சோதித்தன. முதலாவதை நடத்தியவர் அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி. இரண்டாவதற்கு நிஜாம் 1,000 பவுண்டு தந்தார். அதற்காக லண்டனிலிருந்து மருத்துவர் லாடர் பிரண்டன் வந்தார். மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் பிறகே என்று முடிவு கட்டினார்கள். இது பிற்காலத்தில் தகர்ந்தது: லேசான குளோரோபார்ம் மயக்கத்திலேயே இதயம் நின்றுபோகலாம் என்று 1911இல் மருத்துவர் குட்மன் லெவி காட்டினார். மூச்சா இதயமா என்ற வழக்கிலேயே கவனம் போனதால் கல்லீரல் கண்ணில் படவில்லை. குளோரோபார்ம் நாயின் கல்லீரல் திசுவை அழிப்பதையும், அது மறுபடி வளர்வதையும் விரிவாக ஆராய்ந்தவர் ஜார்ஜ் விப்பிள் (1909). பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்.

1956இல் சிகிச்சைக்கு வந்த ஹாலோதேன் என்ற மயக்க வாயு தீப்பற்றாதது. அதனால் ஈதரை வெகுவிரைவில் ஓரங்கட்டியது. ஆனால் அது இதயம் வெளித்தள்ளும் இரத்த அளவைக் குறைக்கிறது. போர்ட்டல் ஓட்டம் விழும்போது தமனியும் கைகொடுப்பதில்லை. 1984இல் சைமன் கெல்மன் குழுவினர் ஹாலோதேனையும் ஐசோபுளூரேன் என்ற மற்றொரு மயக்க வாயுவையும் நாய்களில் ஒப்பிட்டபோது, ஐசோபுளூரேனில் சிரை ஓட்டம் குறைந்தாலும் தமனி ஓட்டம் தாக்குப்பிடித்தது. தவிர, உள்ளிழுத்த ஹாலோதேனில் சுமார் 20 விழுக்காடு மனிதக் கல்லீரலில் சிதைகிறது, ஐசோபுளூரேனில் 0.2 விழுக்காடுதான்.

காவிரிப் படுகையின் நாய்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கல்ல. நீர் தேங்கிய வயல்களில் எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இத்தகைய நோய் கண்ட நாய்க்கு அறுவை தவிர்க்க முடியாதபோது, கல்லீரல் நொதிகளையும் இரத்தம் உறையும் நேரத்தையும் முதலில் பார்த்துவிட்டு, ஐசோபுளூரேனைக் குறைந்த அளவில் வைத்து, இரத்த அழுத்தம் சரியாமல் காப்பதே இன்றைய நடைமுறை.