கேம் விளையாடினால் கரண்ட் ஷாக்!

வீடியோ கேம் பைத்தியத்தைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி, பையன்களுக்குக் கரண்ட் வைத்த ஆஸ்பத்திரி ஒன்று சீனாவில் இருந்தது தெரியுமா? கதை இல்லை, நிஜம்.

ஷாண்டோங் மாகாணத்தில் லின்யி என்று ஒரு ஊர். அங்கே உள்ள மனநல ஆஸ்பத்திரியில் யாங் யோங்சின் என்ற டாக்டர் 2006-ல் இந்த 'வைத்தியத்தை' ஆரம்பித்தார். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதிரி கேம்களுக்காகப் பையன்கள் இன்டர்நெட் சென்டர்களில் ராத்திரி பகலாகக் கிடந்த காலம் அது. பல வீடுகளில் ஒரே பிள்ளை. அதுவும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால் பெற்றோருக்கு எப்படி இருக்கும்? ஏதாவது பொய் சொல்லி அழைத்து வந்தோ, கையைக் காலைக் கட்டித் தூக்கி வந்தோ சேர்த்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்காமலே தலையில் கரண்ட் பாய்ச்சினார்கள். கேமுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எதிர்த்துப் பேசினால் ஷாக், விதியை மீறினால் ஷாக். சாக்லேட் சாப்பிடுவதுகூட அங்கே குற்றம் என்று செய்திகள் வந்தன. (நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?)

பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பா அம்மா காலில் விழுந்தான், அதனால் குணமாகிவிட்டான் என்று பெற்றோர் நம்பினார்கள். பயத்தில் அடங்கியவனுக்கும் குணமானவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதுதான் ரொம்ப வலித்தது.

2009 ஜூலையில் சீன சுகாதார அமைச்சகம் இந்த ஷாக்கை நிறுத்தச் சொன்னது. அதற்கு அடுத்த மாதமே குவாங்ஷி பகுதியில் இன்னொரு முகாமில் சேர்த்த 15 வயதுப் பையன், ஒரு நாள்கூட முடியாமல் அடிபட்டுச் செத்துப் போனான்.

இத்தனைக்கும் அப்போது இது ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே இல்லை! 2019-ல்தான் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்பது கணக்கில்லை. தன்னால் நிறுத்த முடியாமல், படிப்பும் உறவும் கெட்ட பிறகும், பொதுவாக ஒரு வருடமாவது தொடர்ந்தால்தான் நோய். இப்போது பெரும்பாலும் பேச்சு வழி சிகிச்சைதான், வீட்டாரையும் சேர்த்து உட்கார வைக்கிறார்கள்.

லின்யி கதைக்கு விளையாட்டுப் பையன்களே பதில் சொன்னார்கள். 2010 ஜனவரியில், வார்கிராஃப்ட் கேமுக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் ஒன்றை எடுத்து இணையத்தில் விட்டார்கள். அதில் ஷாக் வைக்கும் டாக்டர்தான் வில்லன்.