வைக்கோல்: களமும் போரும் கோட்டையும்

திருமலைராயன்பட்டினம் என்றதும் காளமேகம் மண்மாரி பொழியப் பாடிய வசை பலருக்கு நினைவு வரும். அந்த 15ஆம் நூற்றாண்டுக் கவி, அவ்வூரை ஆண்ட திருமலைராயன் பெயரையே வைத்து வைக்கோலுக்கும் யானைக்கும் சிலேடை பாடியிருக்கிறார். களம், போர், கோட்டை என்ற சொற்கள்தாம் அதன் அச்சு. யானைக்கு அவை போர்க்களம், யுத்தம், அரண். வைக்கோலுக்கு நெற்களம், குவியல், நெல்லைப் பொதிந்து வைக்கும் கட்டு. விதைக்கோட்டை என்று உழவர் சொல்வது இந்தக் கோட்டையைத்தான். காளமேகத்துக்கு முன்பே இந்த இரு களங்களும் நெருங்கியிருந்தன: தொல்காப்பியம் வாகைத்திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அடுத்தடுத்து வைக்கிறது.

சொல்லைப் பிரித்தால் வை, கோல். ‘வை’ என்றாலே வைக்கோல்தான். மலையாளத்திலும் வைக்கோல் உண்டு. துளுவில் ‘பை’, கன்னடத்தில் ‘பைஹுல்லு’. பெரும்பாணாற்றுப்படையில் வீடு வேய்ந்த ‘கருவை’, வரகின் வைக்கோல். ‘வை’க்குக் கூர்மை என்ற பொருளும் உண்டு. அறுத்த தாள் காலில் குத்தினால் இரண்டும் உறவென்றே தோன்றும். பேச்சில் ‘வைக்கல்’; குவித்தால் வைக்கப்போர், முறுக்கினால் பிரி.

‘கோல்’ என்ற பாதிக்குத்தான் பின்னால் சோதனை வந்தது. பழைய சம்பா ரகங்கள் ஆளுயரம் வளர்ந்து தாளை அள்ளித் தந்தன. 1966இல் வெளியான ஐ.ஆர்.8 முதலிய குட்டை ரகங்கள், உரம் போட்டாலும் சாயாமல் நின்று, விளைச்சலை மணியின் பக்கம் திருப்பின. கோல் குறுகியது. அறுவடை இயந்திரம் வந்தபின் அந்தக் குட்டைத் தாளும் கசங்கி வயலிலேயே விழுகிறது. வேறோர் இயந்திரம் வந்து அதைக் கட்டாக்க வேண்டும்.

தீவனக் கணக்கில் வைக்கோல் ஏழை. புரதம் 3, 4 சதவீதம்தான். மணற்சத்தான சிலிக்கா மிகுதி. ஆனாலும் அசைபோடுவதற்கு நார் வேண்டும். அசைபோட்டால்தான் உமிழ்நீர் ஊறி, முதல் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கும். தவிடும் பிண்ணாக்கும் கலப்புத் தீவனமும் மட்டும் போட்டு நாரைக் குறைத்தால் அமிலம் ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும். நாரைச் செரிப்பது மாடல்ல, அந்த இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நைட்ரஜன் தேவை. அதற்காகத்தான் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதும் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கும் முறை வந்தது. அதில் பிறக்கும் அம்மோனியா தாளை இளக்கும், புரத மதிப்பையும் ஏற்றும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கக்கூடாது.

இன்று வைக்கோலை ‘வேளாண் கழிவு’ப் பட்டியலில் சேர்க்கிறார்கள். வேய்ந்தால் கூரை, முறுக்கினால் பிரி, பொதிந்தால் கோட்டை, குவித்தால் போர் என்று பெயரிட்டவர்கள் அதை நெல்லோடு வந்த இன்னொரு விளைச்சலாகவே எண்ணினார்கள். கறவை மாடு வைத்திருப்பவருக்கு அந்த எண்ணமே இன்றும் லாபம்.