துணிக்கு ஆகாத சாயம்

காங்கோ சிவப்பை மருத்துவத்துக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1883-இல் பால் பாட்டிகர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பருத்தித் துணிக்காகத் தயாரித்த சாயம் அது. அதுவரை பருத்தியில் சிவப்பு ஏற வேண்டுமென்றால் முதலில் படிகாரம் மாதிரி ஏதாவது ஒன்றில் முக்கியெடுக்க வேண்டும். இதற்கு அந்த வேலை இல்லை. தொட்டியில் போட்டதும் நூலில் நேரே பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவைப் பங்குபோட ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடிய சமயம், காங்கோ என்பது எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர். வியாபாரத்துக்கு வசதி என்று அதையே சூட்டிவிட்டார்கள். ஆனால் அமிலம் பட்டால் நீலமாகிவிடும். அப்படிப்பட்ட சாயத்தை எத்தனை நாள் உடுத்த முடியும்?

துணிக்கு ஆகாவிட்டாலும், எங்கள் திசு ஆய்வகத்து அலமாரியில் அந்தச் சாயப் புட்டி எப்போதும் இருக்கும். மதுரையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிறுநீரக பயாப்சி நூல் துணுக்கு அளவுதான் வரும். மற்ற சாயங்களுக்கு மெழுகுக் கட்டையை 2, 3 மைக்ரான் கனத்தில் சீவுவோம். காங்கோ சிவப்புக்கு மட்டும் 8 முதல் 10. இந்தச் சாயத்தை வைத்து நாங்கள் தேடுவது, உறுப்புகளில் இழை இழையாகப் படியும் அமிலாய்டு என்ற பொருளை. மெல்லிசாகச் சீவினால் இருக்கிற அமிலாய்டும் கண்ணுக்குத் தப்பிவிடும். புதிதாக வந்த பையன்கள் கண்ணாடி மாதிரி சீவிவிட்டுப் பெருமையாக நிற்பார்கள். மறுபடி சீவச் சொல்வேன். சாயம் ஏறியபின் சாதாரண வெளிச்சத்தில் வெளிறிய செங்கல் நிறம் தெரியும். துருவ ஒளி வடிகட்டிகளைக் குறுக்காகத் திருப்பினால் எல்லாம் இருண்டுபோய், ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகளில் மட்டும் ஆப்பிள் பச்சை மின்னும்; அதுதான் அமிலாய்டு. நோயாளியின் சீட்டில் பெரும்பாலும் ஒரே கதைதான்: பல வருட முடக்குவாதம், கால் வீக்கம், சிறுநீரில் புரதம்.

அமிலாய்டை முதலில் பார்த்தவர்களிடம் அயோடின்தான் இருந்தது. பிரேதப் பரிசோதனையில் மெழுகுபோல் இறுகிய கல்லீரலையும் மண்ணீரலையும் அறுத்து, அவற்றின்மேல் ஊற்றிப் பார்ப்பார்கள். 1854-இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற மருத்துவர் மூளைத் திசுவில் அயோடினும் கந்தக அமிலமும் விட்டார், நீலம் வந்தது. மாவுச்சத்து வகை என்று முடிவுகட்டி அமிலாய்டு என்றார். 1859-இல் ஃப்ரீட்ரைக்கும் கெகுலேயும் பகுத்துப் பார்த்ததில் அது புரதம் என்று தெரிந்தது. விர்ச்சோவைக் குறை சொல்ல மாட்டேன்; கையில் இருந்த புட்டியை வைத்துத்தான் யாரும் பேச முடியும்.

அந்தக் காலத்தில் அமிலாய்டு காசநோய்க்காரர்களுக்கும், எலும்பில் சீழ் வைத்து ஆண்டுக்கணக்கில் வடிந்துகொண்டிருந்தவர்களுக்கும் வந்தது. 1922-இல் ஹான்ஸ் பென்ஹோல்ட் என்ற மருத்துவர், காங்கோ சிவப்பை நோயாளியின் நரம்பிலேயே ஏற்றினார். அமிலாய்டு இருந்தால் அது சாயத்தை இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் சாயம் சீக்கிரம் குறையும். சிலருக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் உயிரே போனதால் பிற்காலத்தில் கைவிட்டார்கள். ஸ்லைடில் மட்டும் சாயம் நிலைத்தது.

ஆன்டிபயாட்டிக் வந்து சீழும் காசமும் அடங்கிய நாடுகளில், அமிலாய்டு படியும் காரணங்களில் முதலிடத்துக்கு முடக்குவாதம் வந்தது. அதில் மனசை அறுப்பது குழந்தைகளின் கதை. இங்கிலாந்தில் டாப்லோ என்ற ஊரில், போர்க்காலத்தில் கட்டிய கனடா செஞ்சிலுவை மருத்துவமனையில், 1947-இல் சிறுவர் வாத நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். எரிக் பைவாட்டர்ஸும் பார்பரா ஆன்செல்லும் அங்கே பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். மூட்டு வீங்கி வந்த பிள்ளைகளில் சிலரைப் பின்னாளில் கொண்டுபோனது சிறுநீரகத்தில் படிந்த அமிலாய்டு. குளோராம்புசில் என்ற கடுமையான மருந்தைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார்கள். அதற்கு ரத்தப் புற்றுநோய் அபாயமும் உண்டு.

காரணம் 1970களில் பிடிபட்டது. அழற்சி இருக்கும்வரை கல்லீரல் எஸ்.ஏ.ஏ. என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது, சில சமயம் வழக்கத்தைவிட ஆயிரம் மடங்கு. அதன் துண்டுகள்தான் இழை இழையாக உறுப்புகளில் படிகின்றன. ஆக, நோவு இல்லை என்பது கணக்கே அல்ல. வலி மாத்திரை மூட்டைத்தான் சமாதானப்படுத்தும்; கல்லீரலுக்கு அது கேட்காது. மீத்தோட்ரெக்சேட்டும் பின்னால் வந்த உயிரி மருந்துகளும் அழற்சியையே அடக்கியதால் மேல்நாடுகளில் அமிலாய்டு படிவது வெகுவாகக் குறைந்தது.

வீட்டில் முடக்குவாதக்காரர் யாராவது இருந்தால், வலி விட்டதென்று மருந்தை நிறுத்த விடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன லேபிலும் செய்கிற சோதனைதான்.