ஒரு கரண்டிப் பட்டைத்தூளின் கதை

கிறிஸ்துமஸ் நெருங்கினால் புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு கேக் பேச்சுதான். ரவையில் செய்கிற நம்மூர் விவிகம் கேக்குக்குத் திராட்சையை முன்கூட்டியே ரம்மில் ஊறப்போட வேண்டும், அதற்கென்று ஒரு கைப்பக்குவமும் வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு அடுப்படியில் அவ்வளவு நேரம் நிற்கக் கால் ஒத்துழைப்பதில்லை. ஆகையால் எங்கள் வீட்டில் சில வருடங்களாக அதைவிடச் சுலபமான ஒன்றைச் செய்துவருகிறோம். பட்டைத்தூள் போட்ட இனிப்புத் துண்டுகள். செய்முறையை முதலில் சொல்லிவிட்டு வரலாற்றுக்கு வருகிறேன்.

100 கிராம் வெண்ணெயை உருக்கி ஆறவிடுங்கள். அதில் 150 கிராம் நாட்டுச் சர்க்கரையும் ஒரு முட்டையும் போட்டு நன்றாகக் கலக்குங்கள். 125 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒன்றரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு இவற்றைச் சலித்துச் சேருங்கள். மாவு தெரியாமல் கலந்தவுடன் கையை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் கிளறினால் துண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெண்ணெய் தடவிய 8 அங்குலச் சதுரத் தட்டில் கலவையைப் பரப்பி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள் கலந்து மேலே தூவி, 180 டிகிரி சூட்டில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். நன்றாக ஆறிய பிறகு வெட்டினால் உதிராமல் 16 துண்டு வரும். ஓவன் இல்லாத வீட்டில் அந்தக் கால முறை இருக்கவே இருக்கிறது: கனமான குண்டானில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டை வைத்து மூடி, சிறு தீயில் விட வேண்டும். நேரம் கூடுதலாகும். குச்சியால் குத்திப் பார்த்து இறக்கலாம்.

கலக்கப் பத்து நிமிடம், வேகக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இவ்வளவு சுலபமான பலகாரத்தில் சேருகிற அந்த இரண்டு கரண்டித் தூள், நம் முப்பாட்டனார் காலத்துக்கு முன்னால் சாதாரண வீட்டுக்குக் கிடைக்கிற பொருளாக இல்லை. அது சுலபமாவதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சில்தான் பாடம். பட்டையை அந்த மொழியில் 'கனெல்' என்பார்கள். நாணலைக் குறிக்கும் 'கான்' என்ற சொல்லிலிருந்து வந்தது, சிறு குழல் என்று பொருள். பட்டையை உரிக்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். மழைக்குப் பிறகு மரத்தில் சாறு ஓடும்போது, இரண்டு வருடம் வளர்ந்த கிளைகளை வெட்டுவார்கள். மேல் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்த்து உள்பட்டையை இளகச் செய்து, கத்தி நுனியால் கீறி முழுதாகக் கழற்றுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உடைந்த சிறு துண்டுகளை உள்ளே நிரப்பி நிழலில் உலர்த்தினால், அது தானே சுருண்டு சுருட்டு மாதிரி ஆகிவிடும். இன்றைக்கும் இது கைவேலைதான்.

இந்த நயமான பட்டையின் தாயகம் இலங்கை. அங்குள்ள தமிழர்கள் அதைக் கறுவா என்பார்கள். 1505-இல் போர்ச்சுக்கீசியர் இலங்கைக்கு வந்தார்கள். டச்சுக்காரர்கள் 1640-இல் காலியையும் 1656-இல் கொழும்பையும் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். இருவருக்கும் முக்கியக் குறி இந்தப் பட்டைதான். டச்சுக் கம்பெனியைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1693-இல் நம்மூரைப் பிடித்து ஆறு வருடம் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். நாம் நடக்கிற நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டதும் அவர்கள் காலத்தில்தான்.

தெருவை ஒழுங்காகப் போட்டவர்கள் இலங்கையில் பட்டைக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். அங்கே பட்டை உரிப்பது சலாகம என்கிற சாதியாரின் கட்டாய ஊழியம். அவர்களுடைய முன்னோர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன நெசவாளர்கள் என்பது அவர்களது பரம்பரைச் செய்தி. நெசவு செய்த கைகளைக் காட்டுக்கு அனுப்பி, ஆளுக்கு இத்தனை எடை பட்டை கொண்டுவர வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கம்பெனிக்குத் தெரியாமல் மரத்தை வெட்டினாலோ பட்டையை விற்றாலோ மரண தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. தாங்க முடியாமல் பலர் கண்டி ராஜ்யத்துக்குள் ஓடிப்போனார்கள்.

அவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுபோன சரக்கை விலை இறங்காமல் இருப்பதற்காக ஐரோப்பாவில் கொளுத்தவும் செய்தார்கள். 1760-இல் ஆம்ஸ்டர்டாமில் வாசனைச் சரக்குகள் குவியலாக எரிக்கப்பட்டதை நேரில் பார்த்து எழுதியவர் வால்மோன் தெ போமார் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். காட்டில் உரித்தவனின் முதுகுவலியும் அந்தப் புகையோடு போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காட்டு மரத்தை மட்டும் நம்பினால் போதாது என்று 1770 வாக்கில் டச்சு ஆளுநர் ஃபால்க் கொழும்பிலேயே பட்டைத் தோட்டம் போட்டார். கொழும்பு 7-க்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்று பெயர். மரங்கள் போய் மாளிகைகள் வந்துவிட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. பியேர் புவாவ்ர் என்று ஒருவர். 'புவாவ்ர்' என்றால் பிரெஞ்சில் மிளகு. பெயரிலேயே சரக்கைச் சுமந்தவர். 1745-இல் கடலில் ஆங்கிலேயருடன் நடந்த சண்டையில் ஒரு கையை இழந்தார். பத்தேவியாவில் சிலகாலம் தங்கி டச்சுக்காரர்களின் வாசனைச் சரக்கு வியாபாரத்தைக் கவனித்தார். பிறகு துய்ப்ளெக்ஸ் காலத்துப் புதுச்சேரிக்கும் வந்து போனார். பின்னாளில் மொரீஷியஸில் நிர்வாகியாக இருந்தபோது, கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கீழை நாடுகளிலிருந்து ரகசியமாக வரவழைத்தார். அவருடைய திட்டத்தின்படி 1772-இல் சீஷெல்ஸ் தீவில் அரசர் தோட்டம் என்று ஒன்று போட்டார்கள். பட்டை மரமும் அதில் இருந்தது.

1780-இல் ஒரு கப்பல் தூரத்தில் தெரிந்தது. ஆங்கிலேயர் கையில் தோட்டம் சிக்கிவிடக் கூடாது என்று அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரி அதைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். கப்பல் கிட்டே வந்த பிறகு பார்த்தால் அது பிரெஞ்சுக் கப்பல்! ஆனால் பறவைகள் அதற்குள் பட்டை விதையைத் தின்று மலையெல்லாம் விதைத்துவிட்டிருந்தன. இன்றைக்குச் சீஷெல்ஸ் காடுகளில் பட்டை மரம் தானாக வளர்ந்து கிடக்கிறது. ராஜாக்களும் கம்பெனிகளும் பூட்டி வைத்ததைப் பறவை திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

நம்முடைய மாஹேவுக்குப் பக்கத்திலும் இந்தக் கதையின் ஒரு பக்கம் நடந்திருக்கிறது. கண்ணூர் மாவட்டத்து அஞ்சரக்கண்டியில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கம்பெனி ஒரு பெரிய தோட்டம் அமைத்தது. மிளகு, காப்பியோடு பட்டையும் அங்கே பயிரானது. அதைக் கவனித்துக்கொண்டவர் முன்பு மாஹேயில் வணிகம் செய்த மர்டாக் பிரவுன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். பின்னால் தோட்டமே அவர் வசமாயிற்று. அங்கே அடிமைகள் வேலை செய்தார்கள். 1811-இல் பேபர் என்ற ஆங்கில நீதிபதி விசாரித்தபோது, திருவிதாங்கூரிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தத் தோட்டத்தில் இருந்தது வெளியானது. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். புதுச்சேரி அரசு ஊழியர்களில் மாஹேக்கு மாற்றலாகிப் போனவர்கள் எத்தனையோ பேர். பக்கத்துத் தோட்டத்தின் இந்தப் பழைய சங்கதியைக் கேள்விப்பட்டவர்கள் அவர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள்.

1796-இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்களும் ஏகபோகத்தை உடனே விட்டுவிடவில்லை. 1833-இல்தான் அது ஒழிந்தது. ராஜகாரியம் என்கிற கட்டாய ஊழியமும் அதையொட்டி முடிவுக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் பயிரிடலாம், விற்கலாம் என்றானது. சீனப் பட்டையும் ஜாவாப் பட்டையும் போட்டிக்கு வந்தன. ராஜாங்கச் சரக்காக இருந்தது மளிகைச் சரக்கானது. பத்து வருடம் கழித்து, 1843-இல், ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கில மருந்துச்சரக்கு வியாபாரி பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம். மாவைப் புளிக்கவைத்துக் காத்திருக்கவோ, முட்டையை மணிக்கணக்கில் அடிக்கவோ வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பத்து நிமிடத்தில் கலக்குகிற நம்முடைய துண்டுகளுக்கு வழி திறந்தது இந்த இரண்டு மாற்றங்களால்தான்.

இப்போது நம் கடைத்தெருவுக்கு வருவோம். மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இலங்கைப் பட்டை அன்று. தடித்த, கருஞ்சிவப்பான, ஒரே மடிப்பாகச் சுருண்ட பட்டை. பிரியாணிக்குப் போடுவோமே, அது. காசியா என்கிற இனம், சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வருவது. இதிலேயே உசத்தியானது சைகோன் பட்டை. பெயர்தான் சைகோன், மரம் வளர்வது வியட்நாமின் நடுப்பகுதி மலைகளில். துறைமுகத்தின் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சைகோன் என்ற பெயர் தெரியாத பழைய குடும்பம் உண்டா? பிரெஞ்சு ராணுவத்திலும் அரசு உத்தியோகத்திலும் சேர்ந்து நம்மவர்கள் அங்கே போனார்கள், வியாபாரத்துக்கும் போனார்கள். திரும்பியவர்கள் கொண்டுவந்த நெம் இன்றைக்கும் பல வீடுகளில் விசேஷப் பலகாரம்.

இந்த இரண்டு பட்டைக்கும் உள்ள வித்தியாசம் நம் வயதில் முக்கியம். காசியாவில் கூமரின் என்ற பொருள் நிறைய உண்டு. இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 2006-இல் ஜெர்மனி அரசின் ஆய்வு நிறுவனம் இதைப் பற்றி எச்சரித்தது. 60 கிலோ எடையுள்ளவர் தினமும் சாப்பிடுவதாக இருந்தால் 2 கிராம் காசியாவுக்குமேல் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் பேக்கரிப் பண்டங்களுக்கே வரம்பு போட்டது. பண்டிகைக் காலத்துப் பட்டைப் பலகாரமாக இருந்தால் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரின், மற்ற நாளைய இனிப்புகளுக்கு 15 மில்லிகிராம்.

நம் செய்முறையில் ஒரு துண்டுக்குச் சுமார் 0.3 கிராம் தூள்தான் வருகிறது. எப்போதாவது ஒன்றிரண்டு சாப்பிடுவதில் பயமில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, மளிகைக் கடைப் பட்டையைப் பொடித்துத் தினம் காலையில் ஒரு கரண்டி வெந்நீரில் குடிக்கிறவர்கள் நம் நடைப்பயிற்சிக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒரு கரண்டியிலேயே அந்த 2 கிராம் தாண்டிவிடும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அடையாளம் காண்பது எளிது. இலங்கைப் பட்டை இளம் பழுப்பாக, காகிதம் போன்ற பல மெல்லிய மடிப்புகள் சேர்ந்து சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியா கடினமாக இருக்கும், இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டிருக்கும். தூளாக வாங்கினால் எது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகையால் சுருளாக வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்வதே நல்லது. இலங்கைப் பட்டை விலை கூடத்தான். ஆனால் ஒரு தட்டுக்கு வேண்டியது ஐந்து கிராம்.

அந்த ஐந்து கிராமை உரித்த கைக்கு இப்போது கூலி உண்டு, ஓடி ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத் துண்டு வெட்டிக் கொடுக்கும்போது சலாகமக்காரர்களைப் பற்றியும் அஞ்சரக்கண்டிக் குழந்தைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர்களுக்கு வாஸ்கோடகாமா மட்டும்தான் கிடைப்பார். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பத்தார் வீட்டில் பட்டையோடு வந்த பழைய பலகாரம் ஏதாவது இன்னும் வழக்கத்தில் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த மாதம் அதையே எழுதலாம்.